ஒரு நூல், இரு தீர்ப்பு

ஒரே நூலைப் பத்துப் பேர் படிக்கின்றனர். ஐவர் அதனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகின்றனர். மற்றை ஐவர் அதனை அலமாரியிலேயே வைக்கலாகாது என்கின்றனர். நூல் ஒன்றே, படித்த எழுத்தும் ஒன்றே. தீர்ப்பு மட்டும் ஏன் இரண்டாகின்றது? இக்கேள்வியை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

இதற்கு எடுத்துக்காட்டாக நான் கொள்ளும் நூல் பெருங்காப்பியம் அன்று. ஆராய்ச்சி நூலும் அன்று. அது ஒரு சித்திரக்கதைத் தொகுதி. காமிக்ஸ் என்று நீங்கள் வழங்குவது. ஸ்லான்யா என்னும் கெல்ட்டிய வீரனின் கதைகளைக் கொண்ட ஆங்கிலத் தொகுதி அது. 'வீரனின் விடியல்' என்று பொருள்படும் பெயருடன் 2005-ஆம் ஆண்டில் நூலாக வந்தது. கோடரி ஏந்திய முரட்டு வீரன் ஒருவன் காடும் மலையும் கடந்து திரியும் கதை. அதனைப் படித்தவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்பது எல்லா இடத்தும் காணும் காட்சி. எங்கள் ஊரிலும் அவ்வாறே நிகழ்ந்தது.

சித்திரக்கதை என்றவுடன் முகம் சுளிப்போர் சிலர் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். தமிழ்நாட்டில் மூன்று தலைமுறையினர் சித்திரக்கதை படித்து வளர்ந்துள்ளனர். 1972-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. அவன் பிறந்த இடம் இங்கிலாந்து. 1962-ஆம் ஆண்டில் வேலியன்ட் என்னும் ஆங்கில வார இதழில் தோன்றியவன். ஆயினும் தமிழ்ச் சிறுவர் அவனை அயலவனாக எண்ணவே இல்லை. 1984-ஆம் ஆண்டில் லயன் காமிக்ஸ் தோன்றியது. அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் தோன்றியது. பெல்ஜிய நாட்டு எழுத்தாளர் ழான் வான் ஹாமும் போலந்து நாட்டு ஓவியர் ரோசின்ஸ்கியும் 1977-ஆம் ஆண்டில் படைத்த தோர்கல் என்னும் வடபுல வீரனும் சிவகாசி வழியே தமிழ் பேசினான். ஆதலின் குளிர்நாட்டு வாள்வீரர்கள் நமக்கு முற்றிலும் புதியவர் அல்லர்.

இனி, இந்தக் கெல்ட்டியர் யாவர்? உரோமப் பேரரசு ஓங்குவதற்கு முன்னர் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பரவி வாழ்ந்த மக்கட் கூட்டத்தார். இன்றும் அயர்லாந்து, வேல்ஸ், பிரான்சின் பிரித்தானி முதலிய இடங்களில் அவர்தம் மொழிகள் வழங்குகின்றன. உரோமரும் கிரேக்கரும் அவர்களை 'பார்பாரியர்' என்றனர். நமக்கு விளங்காத மொழியை உளறுபவர் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். கிரேக்கர் பிறரை அவ்வாறு இழித்துரைக்க, பழந்தமிழ்ப் புலவர்களோ அந்த யவனரையே கடுமொழியினர் என்று பாடி வைத்தனர்! அநாகரிகர் என்னும் பெயர் பெரும்பாலும் சொல்பவனின் செவியில்தான் பிறக்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

கதையைச் சுருங்கக் கூறுகிறேன். ஸ்லான்யா, செசேர் என்னும் குலத்தைச் சேர்ந்தவன். குலத்தலைவன் தனக்கென வைத்திருந்த நங்கையைக் காதலித்தமையால் நாடு கடத்தப்பட்டான். அவனுக்குத் துணை உக்கோ என்னும் குள்ளன். பொய்யும் களவும் அக்குள்ளனுக்குக் கைவந்த கலை, நகைச்சுவையும் அவ்வாறே. நில அன்னையின் ஆற்றல் உடலில் ஏறும்போது ஸ்லான்யா உருத்திரிந்து, வெறிகொண்டு, எதிர்ப்பட்டோரையெல்லாம் வெட்டி வீழ்த்துகிறான். இதனை எழுதியவர் பாட் மில்ஸ். '2000 ஏ.டி.' என்னும் ஆங்கில வார இதழில் 1983-ஆம் ஆண்டில் இக்கதை தொடங்கியது. முதற் பகுதியை ஆஞ்செலா கின்கெய்டு வரைந்தார். பின்னர் இத்தாலியரான மாசிமோ பெலார்டினெல்லியும் ஆங்கிலேயரான மைக் மெக்மேகனும் வரைந்தனர்.

எங்கள் ஊர் வேப்பந்தட்டை. மேற்கே பச்சைமலை, சுற்றிலும் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் நிலம். அங்கே ஞாயிறுதோறும் கூடும் சிறிய படிப்பு வட்டம் ஒன்றில் நானும் ஓர் உறுப்பினன். பள்ளி மாணவர், கல்லூரி மாணவர், உழவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் எனப் பலரும் அதில் உள்ளனர். சென்னையில் பணிபுரியும் அன்பர் ஒருவர் இத்தொகுதியை எங்கள் அலமாரிக்கு அனுப்பி வைத்தார். ஒரு மாத காலத்தில் அது பலர் கைக்கு மாறியது. அடுத்த கூட்டத்தில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, "இந்நூலை அலமாரியிலிருந்து நீக்கிவிட வேண்டும்" என்று முறைப்படி தீர்மானம் கொண்டு வந்தார். கல்லூரி மாணவர் நால்வர் அதனை எதிர்த்தனர். விவாதம் ஒரே நாளில் முடியவில்லை; மூன்று ஞாயிறுகள் நீண்டது. அங்கே எழுந்த வாதங்கள் நான்கு. இங்கிலாந்து வாசகரிடையே எழுந்தவையும் ஏறத்தாழ இவையே. ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதல் வாதம் குருதி பற்றியது. "பக்கந்தோறும் வெட்டும் குத்தும் தலை உருளுதலும் நிறைந்த நூலை இளைஞர் கையில் கொடுக்கலாமா?" என்று ஆசிரியர் வினவினார். இது புறக்கணிக்கத் தக்க வினா அன்று. உலகம் இதனைப் பலமுறை வினவியுள்ளது. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரெட்ரிக் வெர்தாம் என்னும் மனநோய் மருத்துவர், சித்திரக்கதைகளே சிறுவரைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று ஒரு நூல் எழுதினார். அவர் தீயவர் அல்லர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மருத்துவமனை நடத்திய நல்லெண்ணத்தினர். அவர் நூல் நாட்டையே உலுக்கியது. அவ்வாண்டே சித்திரக்கதைப் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே கடுமையான தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். இங்கிலாந்தில் 1955-ஆம் ஆண்டில் சிறுவர்க்குத் தீங்கு செய்யும் வெளியீடுகளைத் தடுக்கச் சட்டமே வந்தது.

பின்னர் நிகழ்ந்ததையும் அறிதல் வேண்டும். கரோல் டில்லி என்னும் நூலக அறிவியல் ஆய்வாளர் வெர்தாமின் கைக்குறிப்புகளைத் தேடிப் படித்தார். சிறுவர் கூறியவற்றை அம்மருத்துவர் தம் முடிவுக்கேற்பத் திருத்தியும் கூட்டியும் எழுதியிருந்ததை 2012-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். நல்ல நோக்கம் தவறான சான்றை நல்ல சான்றாக்கி விடாது. ஆயினும் இதிலிருந்து, படத்தில் காணும் கொடுமை எவரையும் எவ்வகையிலும் தீண்டாது என்று முடிவு கட்டலாமோ? அதுவும் சான்றின்றித் தாவுவதே ஆகும். ஒருவர் வாதம் தோற்றமையால் எதிர்வாதம் வென்றதாகாது. மாணவர்கள் இந்த ஒன்றை மட்டுமேனும் இன்று மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

ஸ்லான்யாவைப் படைத்த பாட் மில்ஸ் இவ்வழக்கை நேரிற் கண்டவர். 1976-ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய 'ஆக்‌ஷன்' என்னும் சிறுவர் வார இதழ், வன்முறை மிகுந்தது என்ற கண்டனத்தால் அவ்வாண்டு அக்டோபரிலேயே நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் 2000 ஏ.டி. தோன்றியது. கதைகள் எதிர்காலத்துக்கும் கற்பனை நிலங்களுக்கும் நகர்ந்தன. தெருவில் நடக்கும் சண்டையைக் கண்டு சினந்தவர்கள், தொல்பழங்காலத்து அரக்கரோடு நடக்கும் சண்டையைக் கண்டு அத்துணைச் சினம் கொள்ளவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் எழுந்து, "ஐயா, கலிங்கத்துப் பரணியைத் தாங்களே எங்களுக்குப் பாடம் சொன்னீர்கள். அதில் இல்லாத குருதியா?" என்றார். அவையில் சிரிப்பெழுந்தது. ஆனால் கேள்வி விளையாட்டன்று. செயங்கொண்டார் பாடிய அப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூடிப் பிணங்களைக் கொண்டு கூழ் அட்டு உண்கின்றன. அச்சமும் அருவருப்பும் நகைச்சுவையும் அங்கே ஒரே பானையில் வேகின்றன. அந்நூலின் தலைவன் முதற் குலோத்துங்கன். அவன் தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரம். இன்றைய அரியலூர் மாவட்டத்தில், எங்கள் ஊரிலிருந்து ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவில் இருக்கும் ஊர் அது. நம் அண்டை மண்ணில் அரசு வீற்றிருந்தவன் புகழைப் பாடிய நூல் குருதியால் நிறைந்திருக்க, அயலான் நூலில் குருதி உண்டென்று மட்டும் நீக்குவது நடுநிலை ஆகுமா என்பதே மாணவரின் வாதம்.

ஆசிரியர் சற்றும் தயங்காமல் விடை கூறினார். "பரணியில் உள்ள குருதி சொல்லாய் உள்ளது, இந்நூலில் உள்ளது படமாய் உள்ளது. சொல்லைக் கேட்பவன் தன் மனம் தாங்கும் அளவே கற்பனை செய்துகொள்வான். படமோ எட்டு வயதுச் சிறுவனுக்கும் எண்பது வயது முதியவனுக்கும் ஒரே அளவைக் காட்டிவிடுகிறது. மேலும், பரணியை அடைய மொழி என்னும் மதிலைக் கடக்க வேண்டும். அம்மதிலைக் கடப்பதற்குள் படிப்பவனுக்கு வயதும் வந்துவிடும், பக்குவமும் வந்துவிடும்." எண்ணிப் பார்த்தால், மூன்று வாரங்களில் நான் கேட்ட வாதங்களுள் இதுவே வன்மை மிக்கது. இதனை எதிர்த்தவரும் பாராட்டினர்.

இரண்டாம் வாதம் ஓவியம் பற்றியது. இத்தொகுதியில் மூவர் கைவண்ணம் கலந்துள்ளது. பெலார்டினெல்லியின் கோடுகள் வழுவழுப்பானவை. விந்தை விலங்குகளை நுணுகி வரைவதில் அவர் வல்லவர். மெக்மேகனின் கோடுகளோ மரத்தில் உளியால் கீறியவை போன்றவை. முகங்கள் கரடுமுரடானவை, வானமும் மண்ணும் ஒரே கீறலாய்க் கிடக்கும். "ஒரே வீரன் ஓர் அத்தியாயத்தில் அழகனாகவும், அடுத்ததில் வேறொருவனாகவும் தோன்றுகிறான், இது நூலா, பலர் வீட்டுச் சோற்றைக் கலந்த கலவையா?" என்று ஓர் இளைஞர் சலித்துக்கொண்டார். ஓவியம் பயிலும் மாணவி ஒருவரோ, மெக்மேகனின் பக்கங்களுக்காகவே நூலை மும்முறை படித்ததாகக் கூறினார். "பழங்காலத்து வாழ்வு மண்ணும் புகையும் ஈரமும் நிறைந்தது. அதனை வழுவழுப்பாக வரைந்தால்தான் பொய்" என்பது அவர் கருத்து.

இங்கே ஒரு செய்தியை நினைவிற் கொள்ள வேண்டும். இக்கதைகள் முதலில் நூலாகப் பிறந்தவை அல்ல; வாரந்தோறும் சில பக்கங்களாக இதழில் வந்தவை. வாரம் தவறாமல் வரைந்து தருவது ஒருவரால் ஆகும் செயல் அன்று. ஆதலின் கதைக்குக் கதை கைகள் மாறின. வாரம் ஒரு முறை படித்தவனுக்கு அம்மாற்றம் உறுத்தவில்லை. ஒரே இரவில் தொகுதி முழுவதையும் படிப்பவனுக்கு உறுத்துகிறது. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950-ஆம் ஆண்டு முதல் 1954-ஆம் ஆண்டு வரை வார இதழில் வந்தபோது, அடுத்த இதழுக்காகக் காத்திருந்தவர்களின் மனநிலை வேறு. இன்று ஐந்து பாகங்களையும் அடுக்கி வைத்துக்கொண்டு படிப்பவரின் மனநிலை வேறு. நூல் எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிந்தால், குறை குறையாகவே நின்றாலும், அதன் காரணம் விளங்கும். காரணம் விளங்கிய பின் கூறும் குறை, வசையாகாமல் மதிப்பீடாகும்.

மூன்றாம் வாதம் வரலாறு பற்றியது. "இதில் உள்ளவை உண்மையான கெல்ட்டியர் வழக்கங்கள்தாமா? பறக்கும் கப்பல் எங்கிருந்து வந்தது? பல்லிபோன்ற பெருவிலங்கு மனிதரோடு எவ்வாறு வாழ்ந்தது?" என்று ஒரு பள்ளி மாணவர் வினவினார். நல்ல வினா. இது வரலாற்று நூல் அன்று, கற்பனை. எனினும் கற்பனையின் வேர் பழங்கதையில் உள்ளது. அயர்லாந்தின் தொல்கதையில் கூஹுலின் என்னும் வீரன் போர்வெறி கொள்ளும்போது உடல் திரிந்து, நண்பர் இவர் பகைவர் இவர் என்று அறியாதவன் ஆகிறான். ஸ்லான்யாவின் வெறி அங்கிருந்து வந்ததே.

அக்கதையின் ஒரு வடிவம் 'பழுப்புப் பசுவின் ஏடு' எனப்படும் ஐரிஷ் சுவடியில் உள்ளது. அதனை எழுதியோருள் ஒருவர் 1106-ஆம் ஆண்டில் கொள்ளையரால் கொல்லப்பட்டார். குலோத்துங்கனின் கலிங்கப் போர் நிகழ்ந்தது 1110-ஆம் ஆண்டை ஒட்டி. அஃதாவது, அயர்லாந்தில் ஒருவர் கூஹுலினின் வெறியைத் தோற்சுவடியில் எழுதி முடித்த சில ஆண்டுகளிலேயே, தமிழகத்தில் செயங்கொண்டார் பரணி பாடினார். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். உலகின் இரு முனைகளில், ஏறத்தாழ ஒரே தலைமுறையில், போரின் கோர உருவம் இரு மொழிகளில் ஏட்டில் ஏறியது.

வரலாற்றைக் குறித்து இன்னும் ஓர் எச்சரிக்கை உண்டு. கொடிகளால் பின்னிய பேருருவுக்குள் மனிதரை அடைத்து எரிக்கும் பலிச் சடங்கு ஒன்று இத்தகைய கதைகளில் வரும். அச்செய்தியை எழுதி வைத்தவருள் முதன்மையானவர் யூலியசு சீசர். அவர் கெல்ட்டியரை வென்று அடக்கச் சென்ற படைத்தலைவர். பகைவன் எழுதிய குறிப்பை முழுவதும் நம்புதலும் கூடாது. முழுவதும் தள்ளுதலும் கூடாது. கதையாசிரியர் எதை எங்கிருந்து எடுத்தார் என்று தேடும் மாணவன், ஒரு சித்திரக்கதையைக் கொண்டே வரலாற்றாராய்ச்சியின் முதற்பாடத்தைக் கற்றுவிடுவான்.

நான்காம் வாதம், "நமக்கு இது எதற்கு?" என்பது. உழவர் ஒருவர் கேட்டார்: "எங்கோ குளிர்நாட்டில் கோடரி தூக்கியவன் கதை நம் பிள்ளைகளுக்கு என்ன தரும்? பக்கத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751-ஆம் ஆண்டில் வாலிகண்டபுரத்துப் பக்கம் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் நவாபுகளுக்குத் துணை நின்று மோதிய மண் இது. அதனை ஒருவரும் வரையவில்லையே!" அவர் கூற்றில் ஏக்கம் இருந்தது, நியாயமும் இருந்தது. ஆயினும் அயல்நாட்டுக் கதை நம் கதையை மறைக்கும் திரையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நம் கதையைக் காட்டும் விளக்காகவும் ஆகலாம்.

கூஹுலினின் பெருங்கதைக்கு என்ன பெயர் தெரியுமா? கூலின்யா என்னும் நாட்டின் ஆநிரையைக் கவர்ந்த வரலாறு என்பதே. ஒரு காளையின் பொருட்டு எழுந்த போர் அது. ஆநிரை கவர்தல்! நம் புறத்திணையின் முதல் திணையாகிய வெட்சி அதுவே அன்றோ? கவர்ந்த நிரையை மீட்டல் கரந்தை. மீட்கும் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நட்டுப் பீலி சூட்டினர் தமிழர். இதனை நான் கூறியபோது, தேர்வுக்காக மட்டும் வெட்சி, கரந்தை என்று மனப்பாடம் செய்திருந்த மாணவர் இருவர் அன்று மாலையே புறப்பொருள் நூலைத் தேடிச் சென்றனர். அயலான் கோடரி நம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது எனலாம்.

நேயர்களே, நான்கு வாதங்களையும் கேட்டீர்கள். இவற்றுள் எது வென்றது என்று நீங்கள் கேட்கக்கூடும். எனக்குத் தோன்றுவதைக் கூறுகிறேன். நான்கு பேரும் ஒரே நூலைப் பற்றிப் பேசினர். ஆயினும் நான்கு வெவ்வேறு வினாக்களுக்கு விடை கூறினர். ஒருவர், 'யார் கையில் கொடுக்கலாம்?' என்று வினவினார். ஒருவர், 'கலை செம்மையாக உள்ளதா?' என்றார். ஒருவர், 'மெய்யா, பொய்யா?' என்றார். மற்றொருவர், 'நமக்கு என்ன பயன்?' என்றார். வினா வேறாயின் விடை வேறாவதில் வியப்பில்லை. 'நூல் நன்று', 'நூல் தீது' என்று இரண்டே சொற்களில் இவை அனைத்தையும் அடைக்க முற்படும்போதுதான் பூசல் பிறக்கிறது. ஆதலின், கருத்து மாறுபடுபவரோடு வாதிடுமுன், அவர் எந்த வினாவுக்கு விடை கூறுகிறார் என்று கேட்டு அறிதல் வேண்டும்.

இது நமக்குப் புதிய நெறியும் அன்று. நூலொன்றை இயற்றியவர் அதனை அவையில் அரங்கேற்றுவது நம் மரபு. அங்கே புலவர் தடை எழுப்புவர். ஆசிரியர் விடை கூறுவர். தடை கூறியவர் பகைவர் அல்லர். நூலைக் கூர்ந்து கேட்டவர் அவரே. நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்றும், அழகுகள் பத்து என்றும் வகுத்துக் காட்டுகிறது. ஒரே நூலில் சில குற்றமும் சில அழகும் சேர்ந்தே இருக்கலாம் என்பது அப்பகுப்பிலேயே அடங்கியுள்ளது. தராசுக்குத் தட்டு இரண்டு இருப்பது அதனால்தான்.

அந்தத் தராசில் இத்தொகுதியை நான் நிறுத்துக் கண்டதையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் நின்று நழுவுதல் முறையன்று. அழகு மூன்று. தொல்கதையின் வேரை விடாத கற்பனை ஒன்று. வீரனைத் தெய்வமாக்காமல் எள்ளி நகையாடும் உக்கோவின் பேச்சு ஒன்று. மெக்மேகனின் கீறல் ஓவியம் ஒன்று. குற்றம் இரண்டு. கதைகள் தனித்தனியே நின்று ஒன்றோடொன்று இணையாமல் மயங்க வைத்தல் ஒன்று. மற்றொன்று பெரிது, அது குருதி மிகுதி அன்று. வீழ்ந்தவர்க்காக அழுவார் இந்நூலில் அரியர் என்பதே அது.

ஐரிஷ் மூலக்கதையை நோக்குங்கள். ஆற்றுத்துறை ஒன்றில் கூஹுலின் தன் ஆருயிர்த் தோழனாகிய ஃபெர்டியாவோடு பொருது, அவனைக் கொன்று, அவன் உடலைத் தன் கைகளில் ஏந்திப் புலம்புகிறான். அப்புலம்பல் இல்லையேல் அக்கதை வெறும் கொலைக்கணக்கு ஆகியிருக்கும். நம் புறத்துறைகளையும் நோக்குங்கள். வெட்சியும் வஞ்சியும் வாகையும் வகுத்தவர்கள், நிலையாமை கூறும் காஞ்சியையும் வகுத்தனர். தலைவனை இழந்தோர் செயலற்றுப் புலம்பும் கையறுநிலையையும் வைத்தனர். வெற்றியைப் பாடிய நாவே இழப்பையும் பாடியது. போர்க்கதை ஒன்று நல்லதா, அன்றா என்று அறிய, எத்தனை தலை உருண்டது என்று எண்ண வேண்டியதில்லை. உருண்ட தலைக்காக ஒரு கண்ணேனும் கலங்கியதா என்று பார்த்தால் போதும். இந்த அளவுகோலால் அளந்தால், 'வீரனின் விடியல்' விறுவிறுப்பான நூல். ஆனால் தன் மூலத்தின் உயரத்தை எட்டாத நூல் என்பதே என் கருத்து. இதனை மறுப்போர் இருப்பர். எங்கள் வட்டத்திலேயே இருக்கின்றனர். அம்மறுப்புகளைக் கேட்க இன்றும் ஆவலாகவே உள்ளேன்.

எங்கள் கூட்டம் இறுதியில் எடுத்த முடிவையும் அறிய விரும்புவீர்கள். நூல் நீக்கப்படவில்லை. ஆனால் ஆசிரியர் வாதமும் புறக்கணிக்கப்படவில்லை. சிறுவர் கைக்கு எட்டாத மேல்தட்டுக்கு நூல் சென்றது. கல்லூரி வயதினர் எடுத்துப் படிக்கலாம் என்று விதி செய்தோம். நூலோடு ஒரு குறிப்பேடும் வைத்தோம். படித்தவர் ஒவ்வொருவரும் தம் கருத்தை அதில் எழுத வேண்டும்; நன்று என்றாலும் தீது என்றாலும், எந்தப் பக்கத்தைக் கொண்டு அவ்வாறு கூறுகிறார் என்று காரணம் காட்ட வேண்டும். காரணம் இல்லாத வரி அடிக்கப்படும். முதற்பக்கத்தில் எழுதியவர் தமிழாசிரியரே. நூலை ஏன் நீக்க வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதினார். இப்போது அக்குறிப்பேட்டைப் படிப்பதற்காகவே நூலை எடுத்துச் செல்பவர்கள் சிலர் இருக்கின்றனர்.

மாணவ நண்பர்களே, நீங்கள் படிக்கும் ஒவ்வொரு நூலைப் பற்றியும் உங்கள் நண்பர் வேறு கருத்துச் சொல்லக்கூடும். அதனால் நட்பும் குறையாது, நூலும் குறையாது. பிடித்தது என்பது சுவை. நன்று என்பது தீர்ப்பு. சுவைக்குக் காரணம் வேண்டா. தீர்ப்புக்குக் காரணம் வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிந்து பேசக் கற்றவர், சித்திரக்கதையைப் படித்தாலும் சிலப்பதிகாரத்தைப் படித்தாலும் சிறந்த வாசகரே ஆவர். உங்கள் ஊரிலும் இத்தகைய குறிப்பேடு ஒன்றைத் தொடங்குங்கள். அதில் உங்களோடு மாறுபடுபவரை முதலில் எழுதச் சொல்லுங்கள்.